வாரண்டின்றி இல்லம் புகுதல்

நீதிபதியின் எழுத்து மூலமான ஆணை கையில் இல்லாத நிலையிலும், குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பிடிப்பதற்கோ குற்றத்துக்குச் சான்றாகும் பொருளைத் தேடி எடுப்பதற்கோ போலீஸ் அதிகாரி ஒருவர் பிறர் குடியிருக்கும் வீட்டினுள் பிரவேசிப்பதற்குச் சட்டம் அளித்திருக்கும் அதிகாரமும், அவ்வதிகாரத்துக்கு அதே சட்டம் விதித்திருக்கும் நிபந்தனைகளும் இத்தலைப்பில் அடங்கும். வாரண்டு இல்லாமல் போலீசார் வாசற்படியைத் தாண்டலாகாது என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே பரவலாக உண்டு. துப்பறியும் நாவல்களும் ஆங்கிலத் திரைப்படங்களும் அதற்கு ஓரளவு காரணமாயிருக்கலாம். இந்தியச் சட்டத்தின் நிலை அவ்வாறன்று. கொலை, கொள்ளை, களவு முதலிய குற்றங்களை விசாரிக்கும் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் செல்லாமலே ஒரு வீட்டைச் சோதனையிடலாம். ஆனால் சோதனையிடுமுன் தம் நம்பிக்கைக்கான காரணங்களை அவர் எழுதி வைத்தாக வேண்டும். வேறு சில தேசங்கள் வீட்டு வாயிலில் நீதிபதியைக் காவல் நிறுத்த, இந்தியாவோ அங்கே அதிகாரியின் சொந்தக் கையெழுத்தையே காவலாக நிறுத்தியது. இவ்விஷயத்தின் இந்தியச் சரித்திரம் பெரும்பாலும் அக்கையெழுத்தின் சரித்திரமே ஆகும்.

ஆங்கில மூலம்

இந்தியச் சட்டத்தின் இப்பகுதி இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து கிளைத்தது. அங்கே இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பெறுவது 1604-இல் முடிவுற்ற செமெய்ன் வழக்கு. லண்டன் மாநகரின் பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் கிரெஷம், பெரிஸ்ஃபோர்டு என்னும் இருவர் ஒரு வீட்டைக் கூட்டாக அனுபவித்து வந்தனர். செமெய்ன் என்பவருக்குக் கடன்பட்டிருந்த பெரிஸ்ஃபோர்டு இறந்துபோக, அவ்வீட்டிலிருந்த அவருடைய உடைமைகளை ஜப்தி செய்வதற்கு ஷெரீப் வந்தபோது, கிரெஷம் கதவைச் சாத்திவிட்டார். சாத்தியதற்காக அவர்மீது செமெய்ன் தொடுத்த வழக்கு தோற்றது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றது என்னும் வாசகத்தை உலகறியச் செய்தது இவ்வழக்கைப் பற்றிச் சட்ட நிபுணர் எட்வர்டு கோக் எழுதிய அறிக்கையே. அவ்வாசகத்தை மட்டும் நினைவிற் கொண்டு அதனுடன் அவர் சேர்த்த விதிவிலக்குகளை மறந்துவிடுவது பெருவழக்காகிவிட்டது. தனி மனிதரின் கடனுக்காகக் கதவை உடைக்கலாகாது; ஆனால் மன்னரே ஒரு கட்சியாக நிற்கும் காரியத்தில், அதாவது குற்ற வியவகாரத்தில், வந்த காரணத்தை அறிவித்துத் திறக்கும்படி கேட்டு, திறக்கப்படாதபோது ஷெரீப் கதவை உடைக்கலாம் என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. அறிவித்தல், கேட்டல், அதன் பின்னரே உடைத்தல் என்னும் இந்த வரிசை ஏறத்தாழ அவ்வண்ணமே இந்தியாவின் சட்டத்தில் இன்றும் நிற்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரச்சினை வேறு வடிவம் கொண்டது. வாரண்டு இல்லாமையைக் காட்டிலும் எல்லையற்ற வாரண்டு கொடியதாயிற்று. 1763-இல் 'நார்த் பிரிட்டன்' என்னும் பத்திரிகையின் 45-ஆம் இதழில் மன்னரின் உரை கண்டிக்கப்பட்டிருந்ததை முன்னிட்டு, மந்திரி ஹாலிஃபாக்ஸ் பிரபு எவர் பெயரையும் குறிப்பிடாத பொது வாரண்டு ஒன்றைப் பிறப்பிக்க, அதன் பேரில் 49 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஜான் வில்க்ஸ் வழக்காடி வென்றார். அதற்கு முந்திய ஆண்டில், 1762 நவம்பரில், எழுத்தாளர் ஜான் எண்டிக் என்பவரது இல்லத்தினுள் நேத்தன் காரிங்டனும் வேறு மூன்று அரச தூதர்களும் புகுந்து, நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசைகளையும் திறந்து காகிதங்களை வாரிச் சென்றிருந்தனர். அவர் தொடுத்த வழக்கில் 300 பவுன் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. 1765-இல் கேம்டன் பிரபு வழங்கிய தீர்ப்பு, சட்ட நூலில் எங்கேனும் அதிகாரம் எழுதப்பட்டிருந்தாலன்றி அரசாங்கத்தின் சேவகனும் பிறர் நிலத்தில் அத்துமீறிப் புகுந்த சாதாரண மனிதனே என்று நிலைநாட்டியது. அரசாங்கத்தின் அவசியம் என்பதையே ஒரு நியாயமாகக் கொள்ள அவர் மறுத்துவிட்டார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பெரும் பலனை விளைவித்தன. சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் புகுவதற்கு இடமளித்த ஆணைகளை எதிர்த்து, அவற்றுக்கு முன்னரே, 1761-இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் வாதாடினார்; 1791-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் நியாயமற்ற சோதனைகளினின்றும் பிரஜைகளைக் காத்தது. அத்தேசத்தில் நீதிபதியின் வாரண்டே பொது விதி. தப்பியோடுபவனை விடாது துரத்திச் செல்லுதல், உயிருக்கு ஆபத்து நேர்ந்திருத்தல், சான்று அழிக்கப்படும் தறுவாயில் இருத்தல், வீட்டார் சம்மதம் அளித்தல் என்பனவெல்லாம் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்ட விலக்குகள். கைது செய்வதற்காகக்கூட வழக்கமான சந்தர்ப்பங்களில் வாரண்டின்றி வீட்டினுள் புகலாகாது என்று 1980-இல் பேட்டன் வழக்கு தீர்த்தது. விதியை மீறி எடுக்கப்பட்ட சான்றை நீதிமன்றம் ஏற்காது என்னும் கொள்கை, 1961-இல் மேப் வழக்கின் வாயிலாக எல்லா மாநிலங்களுக்கும் உரியதாயிற்று. இந்தியா கொள்ளாமல் விட்டது பிற்கூறிய இக்கொள்கையையே. அதன் விளைவு பின்னர் விளங்கும்.

கம்பெனி ஆட்சி முதல் 1923 வரை

சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்பெறும் பாடிகாவல் முதல் பாளையக்காரர்களின் காவல் முறை வரையில் தென்னாட்டில் ஊர்க்காவல் பெரும்பாலும் ஊராரின் பொறுப்பாகவே இருந்தது. கம்பெனியார், மதராஸ் ராஜதானியில் 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் மூலம் கிராமத் தலைவர்களுக்கும் தாசில்தார்களுக்கும் போலீஸ் அதிகாரத்தை அளித்தனர். வரி வாங்கும் கையும் குற்றவாளியைப் பிடிக்கும் கையும் ஒன்றாயின. அதனால் நேர்ந்த கொடுமைகளை 1855-இல் மதராஸ் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வெளிப்படுத்தியது. அதன் பின்னர் 1859-இல் மதராஸ் போலீஸ் சட்டமும், 1861-இல் இந்தியாவுக்குப் பொதுவான போலீஸ் சட்டமும் குற்ற விசாரணை முறைச் சட்டமும் இயற்றப்பட்டன.

வீட்டுச் சோதனையின் சரித்திரத்தில் 1861-ஆம் ஆண்டுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. போலீசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதி அவ்வாண்டின் முறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் உறுதி பெற்றது. வாய்மொழி பயன்படாமற் போகவே, பொருள் பேச வேண்டியதாயிற்று: களவுபோன நகை, இரத்தக்கறை படிந்த வேட்டி, கள்ளச் சாராயம் ஆகியவை எவர் வீட்டில் எந்த மூலையில் அகப்பட்டன என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. அடித்து வாக்குமூலம் வாங்குவதைத் தடுக்க எழுந்த ஏற்பாடு, வீட்டைத் துழாவுவதன் மதிப்பை இவ்வாறு உயர்த்திவிட்டது.

1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் முறைச் சட்டம் புதுப்பிக்கப்பெற்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு முதலில் மிகவும் தாராளமானதாக இருந்தது. பொருளைத் தரும்படி கேட்டால் தரமாட்டான் என்று அதிகாரி கருதினால் போதும், அவரே சென்று சோதனையிடலாம். இதற்கு மாறாக, 1878-இல் இயற்றப்பட்ட இரண்டு விசேஷச் சட்டங்கள் முன்னதாகவே எழுத்தை வற்புறுத்தியிருந்தன. அபினிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அதிகாரி தாமே அறிந்திருக்க வேண்டும், இல்லையேல் பிறர் சொன்ன தகவலை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும் என்றும், சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையிலேயே புக வேண்டும் என்றும் கூறிற்று. ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவோ, மாஜிஸ்திரேட்டே ஆனாலும் தம் நம்பிக்கைக்கான காரணங்களை முதலில் பதிந்த பின்னரே சோதனைக்குக் கட்டளையிடலாம் என்றது.

இந்த ஆயுதச் சட்டப் பிரிவு ஒரு பெரிய வழக்குக்கு வித்திட்டது. 1907-இல், வங்கப் பிரிவினையை ஒட்டிய கொந்தளிப்பின் நடுவே, மைமன்சிங் ஜில்லாவின் ஜமால்பூரில் கலகம் மூண்டபோது, ஜில்லா மாஜிஸ்திரேட் கிளார்க் ஒரு ஜமீன்தாரின் கச்சேரிக் கட்டடத்தை ஆயுதங்களுக்காகச் சோதனையிடச் செய்தார். காரணங்களை முன்னதாகப் பதியவில்லை என்பதை முதன்மையாகக் கொண்டு ஜமீன்தார் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1912-இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, சோதனை ஆயுதச் சட்டத்தின் கீழ் நடந்ததன்று, மாஜிஸ்திரேட் தம் முன்னிலையில் சோதனை நடத்தும் பொது அதிகாரத்தின் கீழ் நடந்தது என்று கூறிக் கிளார்க்கை விடுவித்தது. ஒரு சட்டம் எழுதச் சொல்ல, பக்கத்திலுள்ள இன்னொரு சட்டம் எழுதாமலே விட்டுவிடுமானால், அதிகாரி எழுதாததையே தேர்ந்தெடுப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

1923-இல் முறைச் சட்டம் விரிவாகத் திருத்தப்பெற்றபோது இக்குறை பெரும்பாலும் நீக்கப்பட்டது. புதிய 165-ஆம் பிரிவின்படி, சோதனைக்கு வரும் அதிகாரி அந்த ஸ்டேஷனின் பொறுப்பாளராகவோ வழக்கை விசாரிப்பவராகவோ இருக்க வேண்டும். தேடப்படும் பொருள் தம் எல்லைக்குள் ஓரிடத்தில் இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் வேண்டும். வேறு வழியில் அதைப் பெற முயன்றால் தகாத காலதாமதம் நேரும் என்று அவர் கருத வேண்டும். இக்காரணங்களையும் இயன்ற அளவு பொருளின் அடையாளத்தையும் எழுதிய பின்னர், கூடுமானவரை தாமே நேரிற் சென்று தேட வேண்டும். தம்மால் செல்ல இயலாவிடின், கீழதிகாரிக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். எழுதியவற்றின் பிரதி உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 1973-இல் இயற்றப்பட்ட முறைச் சட்டமும் இப்பிரிவை எண் மாறாமலே காத்துக்கொண்டது. வீட்டுக்காரர் கேட்டால் பிரதியை இலவசமாகவே அளிக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதி செய்தது.

கைது செய்வதற்காகப் புகுதல்

பொருளைத் தேடிப் புகுவது ஒன்று, ஆளைத் தேடிப் புகுவது வேறொன்று. கைது செய்யப்பட வேண்டியவன் ஒரு வீட்டில் நுழைந்திருக்கிறான் அல்லது உள்ளே இருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால், கேட்டவுடன் வழிவிட வேண்டியது அவ்வீட்டிலிருப்பவரின் கடமை என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறியது. வழி கிடைக்காதபோது, அறிவித்துக் கேட்ட பின்னர்க் கதவையோ சன்னலையோ உடைக்கலாம். வாரண்டு பெறப் போனால் அதற்குள் அவன் தப்பிவிடுவான் என்றிருந்தால் வாரண்டில்லாத அதிகாரிக்கும் இதே உரிமை உண்டு. உள்ளே போன அதிகாரி அடைபட்டுக்கொண்டால், வெளிவருவதற்காகவும் உடைக்கலாம். வழக்கப்படி வெளியார் முன்னிலையில் வாராத பெண்ணின் அறையானால், கைது செய்யப்பட வேண்டியவள் அவளே அல்லாதவிடத்து, அவள் விலகிச் செல்ல அவகாசமும் வசதியும் தந்த பின்னரே நுழைய வேண்டும் என்னும் வாசகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தப்புரங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டு, இன்றளவும் சட்டத்தில் நிலைத்திருக்கிறது. ஆளைப் பிடிக்கப் புகுவதற்கு முன்கூட்டி எழுத வேண்டிய நிர்ப்பந்தம் ஏதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓடுகிறவன் பின்னால் காகிதத்தோடு ஓட முடியாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

உள்ளே புகுந்த பின் நடக்க வேண்டிய முறையை 100-ஆம் பிரிவு வகுத்தது. அவ்வூரைச் சேர்ந்த, சுதந்திரமான, மதிப்புள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சாட்சியாக உடனிருக்க வேண்டும். அவ்வூரில் எவரும் கிடைக்காவிடில் அயலூரார் இருக்கலாம். வீட்டுக்காரர் சோதனை முழுவதையும் பார்ப்பதற்கு அனுமதிக்கப்பட வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையொப்பமிட, வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இதுவே மகஜர் எனப்படுகிறது. போலீசாருக்கு வேண்டிய அதே இரண்டு மூன்று பேர் வழக்குக்கு வழக்கு மகஜர் சாட்சிகளாகத் தோன்றுவதும், கூண்டிலேறியவுடன் தாங்கள் ஸ்டேஷனில் வைத்தே கையெழுத்திட்டதாகக் கூறிப் பிறழ்ந்து போவதும் வழக்கறிஞர்கள் நன்கறிந்த விஷயங்கள். ஊரார் கண்ணெதிரே நடந்தால் வஞ்சனை நடவாது என்று நம்பிய சட்டகர்த்தாக்கள், ஊரார் எவரும் பகைக்கு அஞ்சி முன்வாராத நிலையை முற்றிலும் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

விசேஷச் சட்டங்கள்

மதுவிலக்கு, போதைப் பொருள், சுங்கம் முதலியவற்றுக்கான சட்டங்கள் தனித்தனியே புகும் அதிகாரத்தை வழங்கின. 1937 அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது நடைமுறைக்கு வந்த மதராஸ் மதுவிலக்குச் சட்டமும், காரணங்களைப் பதிந்துகொண்டு வாரண்டின்றிப் புகுவதற்கு இடமளித்தது. வடகிழக்கு எல்லைப் பகுதிகளுக்காக 1958-இல் இயற்றப்பட்ட ஆயுதப்படைகள் விசேஷ அதிகாரச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இராணுவ அதிகாரிகளுக்கு வாரண்டின்றி எவ்விடத்திலும் புகுந்து சோதனையிடும் உரிமையை, முன்கூட்டி எழுத வேண்டும் என்ற நிபந்தனைகூட இன்றி வழங்கியது.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் 1878-இன் அபினிச் சட்டத்துக்கு நேர் வாரிசு. அதன் 42-ஆம் பிரிவு பகலையும் இரவையும் அதே முறையில் பிரித்தது: பகலில் புகுவதற்குத் தகவலை எழுதினால் போதும், அஸ்தமனத்துக்குப் பின் புகுவதானால், வாரண்டு பெறும் நேரத்துக்குள் பொருள் மறைக்கப்பட்டுவிடும் என்று நம்பும் காரணத்தையும் எழுத வேண்டும். எழுதியவற்றின் பிரதியை மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 2001-இன் திருத்தம் இதற்கு 72 மணி நேரம் கெடு வைத்தது. பத்தாண்டும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டமாதலால், எழுதினாரா, எப்போது எழுதினார் என்பதே நூற்றுக்கணக்கான வழக்குகளின் முடிவை நிர்ணயித்தது. 1994-இல் பல்பீர் சிங் வழக்கில் கடுமையாக நின்ற உச்ச நீதிமன்றம், 2009-இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த கர்னைல் சிங் வழக்கில் சற்றே இளகியது: நகர்ந்துகொண்டிருக்கும் அதிகாரிக்கு ஓடும் வாகனத்தில் தகவல் வந்து, எழுதுவது சிறிது தாமதமானால், தக்க விளக்கம் இருக்குமாயின் அது மன்னிக்கத்தக்கது, அடியோடு எழுதாமலே விடுவது மன்னிக்கத்தக்கதன்று. தக்க காரணமின்றிப் புகுந்து அலைக்கழிக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தின் 58-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயிரம் ரூபாயின் மதிப்பு 1985-க்குப் பின் எவ்வளவு தேய்ந்துபோயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியல் சாசனத்தில் இடம்பெறாத ஷரத்து

சுதந்திர இந்தியாவின் சாசனம் உருவான காலத்தில் இவ்வுரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகும் தறுவாயில் இருந்தது. 1947 மார்ச்சில் கே. எம். முன்ஷி அளித்த நகலில் இல்லத்தின் மீறவொண்ணாமையும், டாக்டர் அம்பேத்கர் தயாரித்த அறிக்கையில் நியாயமற்ற சோதனைக்கு எதிரான காப்பும் இருந்தன. அடிப்படை உரிமைகளின் உபகமிட்டியும் முதலில் ஏற்றுக்கொண்டது. மதராஸின் புகழ்பெற்ற வழக்கறிஞரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மறுப்புத் தெரிவித்தார். சாசன ஆலோசகரான பி. என். ராவ் கூறிய ஆட்சேபம் மிகவும் நடைமுறை சார்ந்தது: களவுப் பொருள் ஓரிடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகத் துப்புக் கிடைத்த அதிகாரி உடனே போனால் அதை மீட்கலாம், நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தால், தொலைவும் வாகன வசதியின்மையும் மிகுந்த இந்நாட்டின் உட்பகுதிகளில் அத்தாமதமே காரியத்தைக் கெடுத்துவிடும். 165-ஆம் பிரிவைப் பெயர் சொல்லியே அவர் எடுத்துக்காட்டினார். வாரண்டுக்குப் பதிலாகக் கையெழுத்து என்னும் ஏற்பாட்டுக்கு இந்தியாவில் கூறப்பட்ட நியாயங்களுள் இதுவே நேர்மையானது. பாதையும் மோட்டாரும் தொலைபேசியும் பெருகிய பின்னரும் அவ்வேற்பாடு அப்படியே நிற்பதற்கு அந்நியாயம் துணைவாராது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

சர்தார் படேலின் தலைமையிலான ஆலோசனைக் கமிட்டி அந்த ஷரத்தை விட்டுவிட்டது. 1948 டிசம்பரில் காஜி சையத் கரிமுத்தீன் அதனை மீண்டும் ஒரு திருத்தமாகக் கொண்டுவந்தபோது, இக்காப்பு முறைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளதாயினும் சட்டசபைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அதை வைப்பது நல்லது என்று அம்பேத்கர் ஒப்புக்கொண்டார். எனினும் சபை அதை ஏற்கவில்லை.

இம்மௌனத்துக்கு நீதிமன்றம் பொருள் கூறியது. டால்மியா குழுமத்தின் நிறுவனங்களைப் பற்றிய எம். பி. சர்மா வழக்கில், 1954-இல் எட்டு நீதிபதிகள் கூடி, சாசனகர்த்தாக்கள் அமெரிக்க நான்காம் திருத்தத்தைப் போன்ற உரிமையைச் சேர்க்காதபோது அதை வலிந்து உள்ளே கொணர இயலாது என்றனர். அங்கே நடந்தது வாரண்டுடன் நடந்த சோதனை. ஆயினும் அவ்வாக்கியம் வாரண்டில்லாத சோதனைகளுக்கும் நெடுங்காலம் கேடயமாயிற்று.

1962-இல் கரக் சிங் வழக்கு வந்தது. கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்ட ஒருவரின் பெயரை உத்தரப் பிரதேசப் போலீசார் தம் கண்காணிப்பு ஏட்டில் வைத்துக்கொண்டு, இரவில் கதவைத் தட்டி எழுப்பி அவர் வீட்டிலிருக்கிறாரா என்று பார்த்து வந்தனர். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. இலாகா விதிகள் மட்டுமே இருந்தன. ஆறு நீதிபதிகளுள் பெரும்பான்மையோருக்காக எழுதிய இராஜகோபால ஐயங்கார், இரவு வேளையில் இல்லம் புகுவது 21-ஆம் ஷரத்து காக்கும் தனிமனித சுதந்திரத்துக்கு விரோதம் என்று அவ்விதியை மட்டும் நீக்கினார். மாறுபட்டு எழுதிய சுப்பா ராவ், அந்தரங்க வாழ்வும் அச்சுதந்திரத்தின் ஓர் உறுப்பே என்று கண்காணிப்பு முழுவதையும் தள்ளிவிட்டார். இருவருமே மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்து டில்லி சென்றவர்கள். 1975-இல் கோவிந்த் வழக்கில் மத்தியப் பிரதேசத்தின் அத்தகைய விதிகள், சட்டத்தின் ஆதாரம் உடையவை என்பதால், குற்ற வாழ்வையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டும் பிரயோகிக்கும்படி சுருக்கிப் பொருள்கொண்டு நிலைநிறுத்தப்பட்டன. இறுதியில் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்து, சர்மா வழக்கும் கரக் சிங் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பும் அதற்கு மாறாகக் கூறிய அளவில் செல்லாவென விலக்கினர். சுப்பா ராவின் எதிர்க்குரல் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று.

எழுதாத சோதனையின் பயன்

காரணத்தை எழுதாமல் வீட்டினுள் புகுந்தால் என்ன ஆகும்? இதற்கு உச்ச நீதிமன்றம் அளித்த இரண்டு விடைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. முதலாவது, ராஜஸ்தானில் எழுந்த ரெஹ்மான் வழக்கு. புகையிலையைத் தேடி வந்த கலால் அதிகாரி காரணங்களைப் பதியாமலே வீட்டைச் சோதனையிட முனைந்தார். தடுத்தவர்மீது அரசு ஊழியரைத் தாக்கிய குற்றம் சாட்டப்பட்டது. 1960-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற இவ்வழக்கில், 165-ஆம் பிரிவின் நிபந்தனை வெறும் சடங்கன்று, அதை மீறிய சோதனை சட்டவிரோதமானது, ஆகவே தடுத்தவர் குற்றவாளி அல்லர் என்று சுப்பா ராவ் எழுதினார். 1967-இல் மதராஸ் விற்பனை வரிச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலும், வரி அதிகாரிகளின் சோதனைக்கு இதே காப்புகள் பொருந்தும் என்று தீர்க்கப்பட்டது.

இரண்டாவது விடை 1963-இன் தொகுதியில் உள்ள ராதா கிஷன் வழக்கு. ஒரு தபால்காரரின் வீட்டில் முறைகேடாக நடந்த சோதனையில் பட்டுவாடா ஆகாத கடிதங்கள் அகப்பட்டன. முறை மீறப்பட்டிருந்தால் வீட்டுக்காரர் சோதனையைத் தடுத்திருக்கலாம், நீதிமன்றமும் அச்சான்றை எச்சரிக்கையோடு நோக்கலாம். ஆனால் அதனால் மட்டும் கைப்பற்றுதல் கெட்டுவிடாது என்று நீதிமன்றம் கூறியது. பூரண் மல் வழக்கு 1973 டிசம்பரில் இதனைப் பொது விதியாக்கியது: சட்டம் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தடுத்தாலன்றி, முறைதவறிய சோதனையில் கிடைத்த பொருத்தமான சான்றைத் தள்ள வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வீட்டுக்காரரின் நிலை பரிதாபமானது. எதிர்த்து நின்றால் சட்டம் அவர் பக்கம் இருக்கலாம்; பணிந்து வழிவிட்டால், எழுதாமல் வந்த அதிகாரி எடுத்துச் சென்ற பொருள் அவருக்கு எதிராகவே பேசும். எதிர்ப்பதும் எளிதன்று, பதவியின் பெயரால் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் சட்டத்தின் நுட்பப்படி முழுதும் சரியாகாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இருந்தாலன்றி, அதற்கு எதிராகத் தற்காப்புரிமை இல்லை என்று தண்டனைச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு கூறிற்று. நள்ளிரவில் கதவைத் தட்டும் சப்-இன்ஸ்பெக்டரிடம், காரணங்களை எழுதி வைத்தீர்களா என்று கேட்கும் துணிவும் சட்ட ஞானமும் ஒருங்கே வாய்த்தவர் எத்தனை பேர்? போதைப் பொருள் சட்டத்தில் மட்டும், எழுத்துக் குறைபாடு தண்டனையையே குலைக்கக்கூடும் என்ற நிலை இருப்பதால், 165-ஆம் பிரிவில் ஏட்டளவில் நின்ற நிபந்தனை அங்கே உயிர் பெற்றது.

2023-இன் புதிய சட்டம்

1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நிறைவேறிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2024 ஜூலை முதல் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. கைதுக்காகப் புகுதல் அதில் 44-ஆம் பிரிவாகவும், சாட்சிகள் பற்றிய விதி 103-ஆம் பிரிவாகவும், வாரண்டின்றிச் சோதனை 185-ஆம் பிரிவாகவும் மறுபடியும் இடம்பெற்றுள்ளன. வாசகம் பெரும்பாலும் பழையதே. முக்கியமாக மாறியவை இரண்டு. எழுதப்பட்ட காரணங்களின் பிரதி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டைச் சேர வேண்டும் என்று, முன்பு 'உடனே' என்று மட்டும் இருந்த இடத்தில், வரம்பு கட்டப்பட்டது. சோதனை முழுவதையும், பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையொப்பமிடுவதையும் சேர்த்து, செல்பேசி முதலிய கருவிகளால் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆம் பிரிவு விதித்தது. புட்டசாமி தீர்ப்பின் சாயல் கண்காணிப்பு வழக்குகளிலும் படிந்து வருகிறது. கண்காணிப்பு என்னும் பெயரில் நள்ளிரவில் சந்தேக நபரின் கதவைத் தட்டுவதற்குப் போலீசாருக்கு உரிமையில்லை என்று 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்த்தது.

ஒலி-ஒளிப் பதிவு புகுந்த பின் நடப்பதைக் காட்டுமேயன்றி, புகுவதற்கு முன் அதிகாரியின் மனத்தில் இருந்த காரணத்தைக் காட்டாது. அதற்கு இன்றும் 1923-இன் எழுத்தே ஆதாரம். பதிவு எடுக்கப்படாவிட்டாலோ, காரணம் எழுதப்படாவிட்டாலோ கிடைத்த சான்றின் கதி என்ன என்பதைப் புதிய சட்டமும் சொல்லவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையாகிவிட்ட பின்னர்ப் பூரண் மல் தீர்ப்பு முன்போலவே நிற்குமா என்ற கேள்வி, அதனால் நீதிமன்றங்களுக்கே விடப்பட்டிருக்கிறது.